பல் பார்த்து வாங்கும் வண்டி

அக்கா மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டெல்லியில் இருக்கும் எனக்குப் போன் செய்தான். ‘மாமா, பைக் வாங்கலாம்னு இருக்கேன். ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். எதை வாங்கறதுன்னு நீங்க சொல்லுங்க’ என்றான். ஒன்று 1994ம் வருட யமஹா ஆர்எக்ஸ் 100. சொல்லும் விலை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மற்றது ஷோரூமில் நிற்கும் புத்தம் புது 125 சிசி வண்டி. வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். முப்பது வருடம் ஓடிய வண்டிக்கும் முப்பது கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கும் வித்தியாசம் வெறும் ஐயாயிரம் ரூபாய்.

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘ஆர்எக்ஸ் 100ஐ விட்டுடாதேடா’ என்றேன்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன். ‘உன்கிட்டக் கேட்டா அதைத்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். சித்தப்பா கால் மறந்துபோச்சா உனக்கு?’ என்றாள். வைத்துவிட்டாள்.

மறக்கவில்லை. ஒதுக்கி வைத்திருந்தேன். எங்கள் சித்தப்பா தஞ்சாவூரில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தார். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு நூறு சிசி டூ ஸ்ட்ரோக் பைக் வாங்கினார். அது தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டு நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். பெட்ரோல் டேங்கின் மேல் என்னை உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிடுவார். எரிந்த டூடி ஆயிலின் அந்த வாசனை இன்று எங்காவது மூக்கில் பட்டாலும் எனக்குச் சட்டையில்லாத கோடை விடுமுறைகள் நினைவுக்கு வரும். 1995 ஐப்பசியில் ஒரு மழை நாள். முன் சக்கரத்து பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த சம்பளம் வரட்டும் என்று சித்தப்பா தள்ளிப்போட்டிருந்தார். முன்னால் போன பஸ் நின்றது, இவர் வண்டி நிற்கவில்லை. இடது காலில் இன்றைக்கும் விந்தி நடக்கிறார். சம்மணமிட்டுச் சாப்பிட உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. அவர் வண்டியை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ‘தள்ளிப்போட்டது நான்தானே’ என்பார்.

அக்கா போனை வைத்த பிறகு அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய வண்டி வாங்குகிறவன் உண்மையில் எதை வாங்குகிறான்? இன்னொருவர் தள்ளிப்போட்ட வேலைகளை. மாற்றாமல் விட்ட பிரேக் ஷூ, கவனிக்காமல் விட்ட செயின், புதுப்பிக்காமல் விட்ட ஆர்சி, மாற்றிக் கொடுக்காமல் விட்ட பெயர். புது வண்டியில் இவை எதுவும் இன்னும் பிறக்கவில்லை. அதற்காகத்தான் முன்கூட்டியே இவ்வளவு பணம் வாங்குகிறார்கள்.

இந்த நாட்டில் பழைய வண்டி புது வண்டியைவிட விலை கூடுவது புதிதல்ல. லைசன்ஸ் ராஜ்ஜியத்தில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன் பதிவு செய்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது வண்டி எடுத்தவர்கள் உண்டு. அன்று கையில் கிடைக்கும் பழைய ஸ்கூட்டர் ஷோரூம் விலையைவிடக் கூடுதலாகப் போனது. தட்டுப்பாடுதான் காரணம். 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுடன் இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா, கவாஸகி பஜாஜ் என்று நூறு சிசி வண்டிகள் வரிசையாக வந்த பிறகு அந்தக் காத்திருப்பு மெல்லக் குறைந்தது. இன்று ஆர்எக்ஸ் 100 லட்சத்தைத் தாண்டுவதும் ஒருவகைத் தட்டுப்பாட்டால்தான். 1985ல் வந்தது, 1996ல் தயாரிப்பு நின்றது. அதன்பின் எண்ணிக்கை குறையத்தான் முடியும். அதன் மேல் ஆசைப்பட்ட பையன்களோ இன்று நாற்பது, ஐம்பது வயதில் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரியில் கிடைக்காததைக் கிரெடிட் கார்டில் வாங்கிக்கொள்ளும் வயது அது. விலையை ஏற்றுவது என் போன்றவர்கள்தான். என் மருமகன் போன்றவர்கள் அந்த விலையைக் கொடுத்துவிட்டுத் தினமும் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது.

அந்த வண்டியின் புகழ் வெறும் நினைவேக்கமும் அல்ல. 98 சிசி எஞ்சின், 11 குதிரைத் திறன், மொத்த எடை ஏறக்குறைய நூறு கிலோ. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு நிகழும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதனால் கையை முறுக்கியதும் வண்டி பாயும். இன்றைய 125 சிசி வண்டிகளும் ஏறக்குறைய அதே 11 குதிரைத் திறன்தான் தருகின்றன, பதினைந்து இருபது கிலோ கூடுதல் எடையோடு. பாய்ச்சலில் பழையது தோற்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போதே பழைய புகை வெளியே போகும் அமைப்பு அது. கலவையில் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் எரியும். நீலப் புகை அங்கேதான் பிறக்கிறது. 1996லும் 2000லும் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியதும் டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக ஒதுங்கியது இதனால்தான்.

மருமகனுக்கு வீட்டிலிருந்து அலுவலகம் போய்வர நாளுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 875 கிலோமீட்டர். ஆர்எக்ஸ் 100 நல்ல நிலையில் இருந்தால் லிட்டருக்கு முப்பத்தைந்து கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 லிட்டர். புதிய 125 ஐம்பத்தைந்து கொடுத்தால் 16 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் மாதம் தொள்ளாயிரம் ரூபாய் வித்தியாசம். டூடி ஆயிலையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். இதில் ரிப்பேர் இன்னும் சேரவில்லை. தவிர, பழைய வண்டிக்கு வங்கி கடன் தராது. மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பங்குகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் மைலேஜ் சற்றுக் குறையும் என்பதையும், சிலவற்றில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்பதையும் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025ல் ஒப்புக்கொண்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. கார்புரேட்டர் வண்டியை ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்துவிட்டு உதைத்துப் பாருங்கள், தெரியும்.

மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி முழுதும் வாடிக்கையாளருக்கு வந்து சேர்ந்தால் ஷோரூம் விலையில் எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சரியும். ஆர்எக்ஸ் 100 விற்கிறவர் அந்தச் செய்தியைப் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் புது வண்டிதான் லாபம் என்று முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை வைத்திருக்கின்றன. ஷோரூமை விட்டு வெளியே வந்து ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும். ஒரு வருடம் வரை 15. இரண்டு வருடத்தில் 20, மூன்றில் 30, நான்கில் 40, ஐந்தில் 50. ஐந்து வருடத்தில் பாதி விலை காற்றில் போய்விடுகிறது. அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் தவணை கட்டுகிறோம்.

கோளாறு என்று வந்தாலும் அப்படித்தான். நான் டெல்லியில் ஓட்டுவது நாலு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கிய வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். போன ஆகஸ்டில் ஒரு மழையில் நடுரோட்டில் நின்றுவிட்டது. மீட்டரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. ‘கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கணும் சார்’ என்றார், நாடி பார்க்க மறுத்த வைத்தியர் போல. சர்வீஸ் சென்டரில் ஐந்து நாள் வைத்திருந்து ஒரு சென்ஸாரை மாற்றினார்கள். சித்தப்பாவின் வண்டி வழியில் நின்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கல்லில் இரண்டு தேய் தேய்த்து மாட்டிவிட்டுக் கிளம்புவார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வந்தது. புகை குறைந்தது. தெருமுனை மெக்கானிக்கின் வேலையும் குறைந்தது. அவருக்கு ஈடாக யாரும் வரவில்லை.

என்றாலும் பிரேக் என்று வரும்போது என் வாய் அடைத்துவிடுகிறது. 2022ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வண்டிகளில் போனவர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். திடீரென்று பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 125ம் அதற்குக் கீழும் உள்ளவற்றுக்குக் குறைந்தபட்சம் சிபிஎஸ். பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். பயத்தில் காலால் மட்டும் மிதிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு என்பதால் இது சிறிய விஷயமில்லை. 1994ம் வருட வண்டியில் இரண்டும் கிடையாது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். பிடிக்காது என்றில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் பிடிக்கும். அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லின் மேல்தான் எங்கள் சித்தப்பா விழுந்தார்.

அடுத்த மாதம் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காகப் பெங்களூர் போகவேண்டி வந்தது. இரண்டு நாள் கூடத் தங்கி, நேரிலேயே வண்டியைப் பார்ப்போம் என்றேன்.

என் தாத்தா மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கப் போனால் முதலில் மாட்டைப் பார்க்க மாட்டார். கொண்டுவந்தவனைப் பார்ப்பார். அப்புறம் சுழி, அப்புறம் பல். ரெண்டு பல்லா நாலு பல்லா என்று வயதைக் கணக்கிட்டு, நுகத்தடி பட்ட கழுத்தைத் தடவிப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்ப்பார். பிறகுதான் தரகரின் துண்டுக்குள் கை போகும். விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. பழைய பைக் வாங்குவதும் இந்தக் கலைதான். ஓடோமீட்டர்தான் வண்டியின் பல். ஆனால் மாட்டின் பல்லைத் திருத்த முடியாது, மீட்டரைத் திருப்பிவிடலாம். ஆகவே மீட்டர் பொய் சொன்னாலும் பொய் சொல்லாத இடங்களைப் பார்க்க வேண்டும். கால் வைக்கும் ரப்பர், கியர் லீவரின் முனை, பிரேக் பெடல், சாவித் துவாரம். இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் வண்டியில் கியர் லீவர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அது ஊர் சுற்றிய வண்டி. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே உதைத்துக் கிளப்பி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் எத்தனை உதையில் கிளம்புகிறது என்பது விற்பவர் சொல்லாத செய்தி. செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி போல் வளைந்திருக்கின்றனவா, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா, நேரான சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம். அது எங்கேயோ பலமாக விழுந்த வண்டி.

சிவாஜி நகர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு தமிழ் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனோம். வண்டி நீலத்தில் பளபளவென்று நின்றது. விற்பவர் ஐம்பது வயதுக்காரர், மரியாதையான மனிதர். காப்பி கொடுத்தார். வண்டியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் இருந்தது வியாபாரமில்லை, பாசம். நான் அதற்கே விழுந்துவிட்டேன். எனக்கு ஒரு ரவுண்டு ஓட்டக் கொடுத்தார். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறியபோது அந்தச் சத்தம் வந்தது. எழுத்தில் கொண்டுவர முடியாத சத்தம். பிழைப்புக்கு மொழிபெயர்ப்பவன் சொல்கிறேன். தெருக்கோடியில் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது, நான் எதிர்பார்த்த இடத்துக்கு நாலடி தள்ளி.

திரும்பி வந்தபோது மெக்கானிக் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். ‘டேங்க் புதுசு சார். சைலன்சர் வேற வண்டியோடது. சேசிஸ் நம்பர் ஆர்சியோட ஒத்துப்போகுது, எஞ்சின் நம்பர் ஒத்துப்போகல. எஞ்சினை எப்பவோ மாத்தியிருக்காங்க. போர் கடைசி சைஸுக்குப் போயிடுச்சு. அடுத்த தடவை ஸ்லீவ்தான் போடணும்’ என்றார். சிலிண்டர் தேயத் தேயக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த வண்டி அந்த எல்லைக்கு வந்திருந்தது.

மருமகன் தன் பங்குக்குச் செல்போனில் எம்பரிவாகன் செயலியைத் திறந்து வண்டி எண்ணைத் தட்டினான். பார்த்தால், ஆர்சி 2024லேயே காலாவதி. இன்சூரன்ஸும் இல்லை. சொந்தக்காரர் என்று அதில் இருந்த பெயர், எங்களுக்குக் காப்பி கொடுத்தவருடையது அல்ல. அவருக்கு விற்றவருடையதும் அல்ல. அதற்கும் முந்தின கை.

பதிவு பதினைந்து வருடத்துக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு அந்தக் கட்டணம் 300 ரூபாயாக இருந்து 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2,000. கட்டணம் பெரிதில்லை. எஞ்சின் எண் ஆர்சியோடு பொருந்தாத வண்டியைப் புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்கு எத்தனை முறை நடப்பது என்பதுதான் கேள்வி.

பெயர் மாற்றாமல் விடுவது இன்னும் பெரிய வம்பு, வாங்குகிறவனைவிட விற்றவனுக்கு. ஒருவர் காரை விற்றார். அது அடுத்தடுத்துப் பல கை மாறியது. ஆர்சியில் அவர் பெயரே இருந்தது. விபத்து நடந்தபோது நஷ்டஈட்டுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நம்மில் பலர் ‘டிடிஓ பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சு’ என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். படிவம் 29, படிவம் 30 இரண்டும் ஆர்டிஓவுக்குப் போய்ச் சேர்ந்து, ஆர்சியில் பெயர் மாறும் வரை வண்டி நம்முடையதுதான். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ம் வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று வேண்டும். கூடவே வந்து சேரும் மாநிலத்தின் வரியையும் கட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் டெல்லியில் வசிப்பவர்களுக்குப் பாடமாகியிருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகள் டெல்லிச் சாலையில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2014ல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018ல் அதை நிலைநிறுத்தியது. 2025 ஜூலை முதல் தேதி அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுவதையே நிறுத்தினார்கள். சில நாட்களில் கூச்சல் தாங்காமல் அதை நிறுத்திவைத்தார்கள். அதற்குப் பின்னும் இழுபறிதான். கரோல் பாக் வண்டிச் சந்தையில் ஒரு நடை போனால் தெரியும், எந்த வண்டிக்கும் முதலில் கேட்பது மைலேஜ் இல்லை, இன்னும் எத்தனை வருடம் ஆயுள் பாக்கி என்பதுதான். பெங்களூரில் அந்தத் தடை இல்லை. ஆனால் வருடத்தை மட்டும் பார்த்து வாங்குவது அங்கும் போதாது. 2017 மார்ச் கடைசியில், ஏப்ரல் முதல் பிஎஸ்-3 வண்டி விற்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், இரண்டே நாளில் கடைகளில் தள்ளுபடி விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? அந்த வண்டிகள் எல்லாம் இப்போது இரண்டாம் கைக்கு வருகின்றன. காகிதத்தில் 2017. தொழில்நுட்பத்தில் அதற்கு முந்தைய தலைமுறை. புகை விதி எங்கே இறுகினாலும் முதலில் மாட்டுவது அவைதான்.

விற்பவரிடம் ஆர்சியைப் பற்றிக் கேட்டோம். அவர் முகம் சற்று வாடியது. அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. எட்டு வருடத்துக்கு முன் வாங்கும்போதே அப்படித்தான் வாங்கினாராம். பெயர் மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று இருந்தாராம். ‘ஞாயித்துக்கிழமை மட்டும்தானே சார் எடுக்கறேன்’ என்றார். சித்தப்பா குரல் போலவே இருந்தது.

வெளியே வந்ததும் மருமகனிடம் சொன்னேன்: ‘வேண்டாம்டா.’ அவன் என்னைவிட நிதானமாக இருந்தான். ‘எனக்கு அந்த வண்டி மேல அவ்வளவு ஆசையெல்லாம் இல்ல மாமா. நீங்க சொன்னீங்களேன்னுதான் பார்த்தேன்’ என்றான்.

அவன் கடைசியில் வாங்கியது பழையதும் அல்ல, புதியதும் அல்ல. அலுவலகத்தில் கூட வேலை செய்தவர் வெளிநாடு போகிறார். அவருடைய 2022ம் வருட 125 சிசி வண்டி. பிஎஸ்-6, சிபிஎஸ், ஒரே கை. சர்வீஸ் பில்கள் தேதிவாரியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. 58,000 ரூபாய். 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்பதால், அதிலும் ஒரு பகுதி மிச்சம் இருந்தது. செயின் ஸ்ப்ராக்கெட் மாற்ற வேண்டும் என்று அதே மெக்கானிக் சொன்னார். முன் டயரும் இந்த மழைக்குத் தாங்காது என்றார். இரண்டையும் அன்றைக்கே மாற்றச் சொல்லி நானே பணம் கொடுத்தேன். பெயர் மாறி ஆர்சி வந்த பிறகுதான் மீதிப் பத்தாயிரம் தருவேன் என்று மருமகன் சொல்ல, நண்பரும் சரி என்றார். இந்த விஷயத்தில் அவன் எங்கள் தாத்தாவின் கொள்ளுப் பேரன்தான்.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். ‘பிரேக் பிடிக்குதா, நீ ஓட்டிப் பாத்தியா?’ என்று மட்டும் கேட்டாள். ஓட்டிப் பார்த்தேன், நிற்கிறது என்றேன்.

போன வாரம் மருமகன் பேசும்போது அந்த ஆர்எக்ஸ் 100 பற்றிப் பேச்சு வந்தது. இன்னும் விற்கவில்லையாம். அந்த மனிதர் முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, ஆர்சி புதுப்பிக்க எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதோடு விலையையும் ஐயாயிரம் ஏற்றிவிட்டாராம்.

‘அவர் நம்பர் உன்கிட்ட இருக்கா?’ என்று கேட்டேன்.

‘எதுக்கு மாமா? டெல்லியில அதை ஓட்டவே முடியாதே?’

‘சும்மாதான்’ என்றேன்.